கால் எடுத்த நாயை வீட்டுக்கு அனுப்பும்போது: கால்நடை மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் நாய்களுக்கு அறுவை சிகிச்சை செய்யும் கால்நடை மருத்துவர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் கைத்திறமையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வண்டியில் அடிபட்டு, தோள்பட்டை நரம்பு அறுந்து, உணர்ச்சியில்லாத முன்னங்காலைத் தரையில் இழுத்துக்கொண்டு திரிந்த எங்கள் செவலையைக் காப்பாற்றியது உங்களில் ஒருவர்தான். நான் கேட்க வந்தது ஆபரேஷனுக்கு அப்புறம் வரும் இரண்டு வாரத்தைப் பற்றி. அந்த நாட்களில் வீட்டில் என்னவெல்லாம் நடக்கும் என்பதை, நாயை மேஜையில் ஏற்றுவதற்கு முன்பே வீட்டுக்காரர்களிடம் தமிழில் சொல்லுங்கள். சொன்னதை எழுதியும் கொடுங்கள்.

எங்களுக்குக் கிடைத்தது ஒரு மருந்துச் சீட்டும், “பத்து நாள் கழிச்சு தையல் பிரிக்கக் கூட்டிட்டு வாங்க” என்ற ஒரு வரியும்தான். இந்த நிலைமையில் இருந்த வேறு பலரோடும் பிறகு பேசினேன். அவர்கள் அனுபவமும் ஏறக்குறைய இதேதான்.

“காலை எடுத்துடணும்” என்று நீங்கள் சொன்னதும் எங்களுக்கு முதலில் வருவது பயம். மூன்று காலோடு எப்படி வாழும், பேசாமல் ஊசி போட்டுவிடலாமா என்று குடும்பத்தில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். அந்த நேரத்தில் நீங்கள் சொல்லும் நாலு வார்த்தை ஓர் உயிரைக் காப்பாற்றும். பெரும்பாலான நாய்கள் ஆபரேஷன் முடிந்து ஓரிரு நாளிலேயே எழுந்து நிற்கும், ஒரு மாதத்துக்குள் மூன்று காலில் பழகிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. நாயின் எடையில் சுமார் 60 சதவீதத்தை முன்னங்கால்கள்தான் தாங்குகின்றன, அதனால் முன்னங்காலை இழந்த நாய்க்குப் பழக இன்னும் கொஞ்சம் நாள் பிடிக்கலாம் என்பதையும் சொல்லுங்கள். உடம்பு பருத்த நாய், மற்ற மூட்டுகளிலும் தேய்மானம் உள்ள வயதான நாய் என்றால் கஷ்டம் கூடுதல். அதையும் மறைக்க வேண்டாம்.

இன்னொன்று, பாதத்தில்தானே அடி, ஏன் தோள்பட்டை வரைக்கும் எடுத்தார்கள் என்று நிறைய பேர் கோபப்படுகிறார்கள். பாதிக் காலை விட்டுவைத்தால் நாய் அதையே ஊன்றப் பார்க்கும், தோல் கிழிந்து புண்ணாகிக்கொண்டே இருக்கும்; அதற்காகத்தான் மேலே எடுக்கிறீர்கள். செயற்கைக் கால் போடும் எண்ணம் இருந்தால் அதை வெட்டுவதற்கு முன்பே திட்டமிட வேண்டும். இதை முன்கூட்டியே ஒரு நிமிடம் விளக்கினால் போதும், அந்தச் சந்தேகம் வளராது.

அப்புறம் வீட்டு இரவுகள். வலிக்குக் கொடுத்த வீரியமான மருந்தின் மயக்கத்தில் நாய் விடிய விடிய முனகும், மூச்சிரைக்கும். சாப்பிடாது. மூன்று நான்கு நாள் மலம் கழிக்காமல்கூட இருக்கும். வெட்டிய இடத்துக்குக் கீழே நெஞ்சிலும் வயிற்றிலும் கருநீலமாகக் கன்றிப் போகும், தையலுக்கு அடியில் நீர் கோத்து மெத்தென்று ஒரு வீக்கம் வரும். எது தானாக வடியும், எதற்கு ராத்திரியே ஓடிவர வேண்டும் என்று தெரியாமல் மொத்தக் குடும்பமும் தவிக்கிறது. தையல் விட்டுப்போவது, சீழ் நாற்றம், ஈறு வெளுத்துப்போவது, தொடர்ந்த வாந்தி, கறுப்பு மலம்: இவற்றைப் பெரிய எழுத்தில் போட்டு, உடனே கூப்பிடச் சொல்லுங்கள்.

மருந்து விஷயத்தில்தான் எனக்கு மிகுந்த கவலை. நாய் வலியில் துடிப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் வீட்டில் இருக்கும் மனித மாத்திரையைக் கொடுத்துவிடுகிறார்கள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை நாயின் வயிற்றைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். பாராசிட்டமால் அளவு தப்பினால் ஈரல் போய்விடும். ஏற்கெனவே நீங்கள் எழுதிய மெலாக்சிகாமோடு இன்னொரு வலி மாத்திரையும் சேர்ந்தால் ஆபத்து இரட்டிப்பு. இதைச் சீட்டின் மேலேயே எழுதுங்கள். நரம்பு வலிக்கு காபாபென்டின் எழுதினால், மனிதர்களுக்கான திரவ வகையில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கலாம், அது நாய்க்கு விஷம் என்று எச்சரியுங்கள். கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை நம்பித்தான் நாங்கள் வாங்குகிறோம்.

இல்லாத கால் வலிக்கும் என்பதையும் யாராவது எங்களிடம் சொல்ல வேண்டும். தூங்கிக்கொண்டிருக்கும் நாய் திடீரென்று அலறி எழும், காலிருந்த பக்கம் திரும்பித் திரும்பிப் பார்க்கும். பேய் பிடித்துவிட்டது என்று கயிறு மந்திரித்துக் கட்டியவர்களை எனக்குத் தெரியும். அவர்களைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. நரம்பு வலிக்கு மருந்து இருக்கிறது, மருத்துவரிடம் சொன்னால் தருவார் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

நம் வீட்டுத் தரையையும் நினைத்துப் பாருங்கள். டைல்ஸ், கிரானைட், மொசைக். நாலு கால் நாயே அதில் வழுக்கும். மூன்று கால் நாய் ஒருமுறை விழுந்தால் பயந்துபோய் மூலையில் முடங்கிவிடுகிறது. மனசொடிந்து போய்விட்டது என்று வீட்டார் நினைக்கிறார்கள். தண்ணீர் கிண்ணத்துக்கும் வாசலுக்கும் போகும் வழியில் ரப்பர் மிதியடியோ நகராத கோணிச் சாக்கோ விரித்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். நகத்தையும் பாதத்தின் மெத்தைகளுக்கு இடையில் வளரும் முடியையும் வெட்டிவிட வேண்டும். பின்னங்கால் போன நாய்க்கு வயிற்றுக்கு அடியில் ஒரு துண்டைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்தால் முதல் சில நாட்கள் வெளியே போய்வரும். முன்னங்கால் போன நாய்க்குச் சாப்பாட்டுத் தட்டைக் கொஞ்சம் உயர்த்தி வைக்கலாம். எதற்கும் காசு பெரிதாக ஆகாது.

நடத்துவதிலும் ஒரு விஷயம். பாவம் என்று நாம் மெதுவாக அழைத்துப் போகிறோம். மூன்று காலில் மெதுவாக நடப்பதுதான் அதற்குச் சிரமம். தத்தித் தத்திக் கொஞ்சம் வேகமாகப் போவது சுலபம். அதனால் ஐந்து நிமிடம், அதன் வேகத்தில், ஒரு நாளைக்குப் பலமுறை என்று சொல்லிக்கொடுங்கள். அதே ‘பாவம்’தான் பிஸ்கட்டாகவும் மாறுகிறது. தொட்டால் விலா எலும்பு தட்டுப்பட வேண்டும், எடை ஏறினால் மிச்சமிருக்கும் கால்கள் தாங்காது என்று கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்லலாம்.

எலும்புப் புற்றுநோய்க்காகக் காலை எடுக்கும்போது மட்டும் தயவுசெய்து இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள். ஆபரேஷன் மட்டும் என்றால் பொதுவாகச் சில மாதங்கள், கீமோவும் சேர்த்தால் ஏறக்குறைய ஒரு வருடம் என்ற கணக்கை மறைத்து, ‘சரியாகிவிடும்’ என்று சொல்லி அனுப்பாதீர்கள். தெரிந்தே எடுக்கிற முடிவுக்காக நாங்கள் உங்களைக் குறை சொல்ல மாட்டோம். வலியில்லாத சில மாதங்களும் எங்களுக்குப் பெரிதுதான்.

தெரு நாய்களுக்குக் கால் எடுத்தால் தையல் பிரிக்கும் வரையாவது கூரைக்கடியில் வைத்திருக்க வழி பாருங்கள். நம் ஊர் வெயிலிலும் மழையிலும் ஈ மொய்த்துப் புண்ணில் புழு வைக்க நேரம் ஆகாது. நன்றாக நடந்த ஆபரேஷன் அதில் வீணாகிறது. சோறு வைக்கும் தெருக்காரர்களையும் கூப்பிட்டு, அந்தப் புண்ணைத் தினமும் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள்.

சென்னை வேப்பேரியில் 1903 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1989 முதல் கால்நடை மருத்துவத்துக்கென்றே ஒரு பல்கலைக்கழகமும் இருக்கிறது. அந்தப் பேராசிரியர்கள் சேர்ந்து இரண்டு பக்கத்தில் ஒரு தமிழ்க் கையேடு எழுதி, அரசு மருத்துவமனை முதல் தனியார் கிளினிக் வரைக்கும் அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அது வரும்வரை நீங்களே ஒரு தாளில் எழுதி நகல் எடுத்துக் கொடுக்கலாம். ஆபரேஷன் முடிந்த முதல் மூன்று இரவுக்கு ஒரு போன் நம்பரும் வேண்டும். எல்லா அழைப்புக்கும் நீங்களே பதில் சொல்ல வேண்டியதில்லை. உங்களிடம் பயிற்சிக்கு இருக்கும் மாணவரோ உதவியாளரோ எடுத்து, “இது சாதாரணம்தான், காலையில் பார்க்கலாம்” என்றோ “உடனே கிளம்பி வாங்க” என்றோ சொன்னால் போதும். எங்கள் ஊரில் எந்த மருத்துவமனை இதைத் தொடங்கினாலும், மூன்று கால் நாய் வளர்க்கும் நாங்கள் சிலர் சனிக்கிழமைகளில் வந்து உட்கார்ந்து புதிதாக வருபவர்களோடு பேசத் தயாராக இருக்கிறோம். நகல் எடுக்கும் செலவையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

நன்றியுடன்,
மூன்று கால் நாய் வளர்க்கும் ஒருத்தி
திருநெல்வேலி