செயலாளர் அறிக்கை 2024-25: நம்ம டிராஃப்டிங் வகுப்பு

சீனியர்கள், ஜூனியர்கள் எல்லாருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்துல நம்ம வக்கீல் சங்கம் இந்த வருஷம் பண்ணதுல பெரிய வேலை டிராஃப்டிங் வகுப்புதான், அதாவது கோர்ட்டுல தாக்கல் பண்றத தெளிவா எழுத பழகுற வகுப்பு, அதனால அதையே பேசிடுறேன்.

சிவில் நடைமுறைச் சட்டத்துல ஆர்டர் 6 ரூல் 2 எல்லாருக்கும் மனப்பாடம். முக்கியமான சங்கதிய சுருக்கமா சொல்லு, சாட்சியத்த அங்க கொட்டாத, பாராவுக்கு நம்பர் போடு, தேதி தொகை எல்லாம் எண்ணாலயும் எழுத்தாலயும் எழுது, அவ்ளோதான். ஆனா வகுப்புக்கு வந்த பிராதுகள, அதாவது வாதி தாக்கல் பண்ற வழக்கு மனுக்கள பாத்தா "வாதியாகிய நான்"னு ஆரம்பிச்ச வாக்கியம் தாத்தா வாங்குன கிரயம், பாகப்பிரிவினை, பட்டா மாறுதல்னு சுத்திட்டு பக்கம் திரும்பின பிறகுதான் வினைமுற்றே வருது, அதுவும் "அனுபவித்து வருகிறார்"னு! பழைய பத்திரத்து நடைய அப்படியே காப்பி அடிக்கிறோம், வேறென்ன.

இன்னொரு வரிய பாருங்க: "2ஆம் பிரதிவாதி தன் அண்ணனிடம் அவர் கடனை அடைத்துவிட்டதாகச் சொன்னார்." யார் கடன், யார் அடைச்சது? இதுக்கே ஒரு சாயங்காலம் போச்சு. 'தன் கடன்'னு போட்டா பாதி தெளியும், '2ஆம் பிரதிவாதி'ன்னு திருப்பி எழுதிட்டா முழுசா தெளியும். ஒரே பேரு திரும்ப திரும்ப வந்தா நல்லா இல்லையேன்னு ஒரு ஜூனியர் கேட்டாரு, கதைல நல்லா இருக்காதுதான் தம்பி, ஆனா பிராதுல பேர விட்டா குறுக்கு விசாரணைல மாட்டிப்போம். அப்பீல் ஹைகோர்ட்டுக்கு போகும்போது இங்கிலீஷ்ல மொழிபெயர்க்கிறவரும் தனக்கு தோணுன அர்த்தத்த எடுத்துப்பாரு.

பிராதுக்கு பிரதிவாதி பதிலா தாக்கல் பண்ற எதிருரைக்கு வருவோம். "பிராதில் கண்ட சங்கதிகள் யாவும் பொய்"னு ஒத்த வரில முடிக்கிறது இன்னும் நிக்கல. ஆர்டர் 8 ரூல் 5 படி குறிப்பா மறுக்காதத ஒத்துக்கிட்டதா எடுத்துப்பாங்க. "5 லட்சம் வாங்கவில்லை"ன்னு எழுதினாலும் பத்தாது, அப்போ 4 லட்சம் வாங்குனியான்னு கேள்வி வரும். அந்த தொகையையோ அதுல எந்த பகுதியையோ வாங்கலன்னு எழுதணும், இல்லன்னா எவ்ளோ வாங்குனோம்னு சொல்லணும், ரூல் 4 இதைத்தான் சொல்லுது.

2024 ஜூலை 1ல புது கிரிமினல் சட்டங்கள் வந்ததும் பிரிவு நம்பர மட்டும் வெறும் '482'ன்னு எழுதுற பழக்கம் ஆபத்தாயிடுச்சு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான சிஆர்பிசில அது குவாஷ், அதாவது வழக்க ரத்து பண்ண கேக்குறது; அதுக்கு பதிலா வந்த புது பிஎன்எஸ்எஸ்ல அது முன்ஜாமீன். சட்டத்தோட பேரையும் சேர்த்து போடுங்க, தயவு பண்ணி.

டிசம்பர்ல பெஞ்சல் புயல், தென்பெண்ணை வெள்ளம்னு வகுப்பு நடக்கல. வரவு செலவ பொருளாளர் வாசிப்பாரு. அடுத்த வருஷம் அஃபிடவிட் (பிரமாணப் பத்திரம்), லீகல் நோட்டீஸ் ரெண்டையும் எடுக்கலாம்னு கமிட்டி நினைக்குது, வர்றவங்க சொந்த டிராஃப்ட்ல கட்சிக்காரர் பேர அழிச்சிட்டு கொண்டு வாங்க.