ஓ-ரிங்கும் வீட்டுப் பத்திரமும்

கப்பலூர், மதுரை

அன்புள்ள சேது,

இங்கே எல்லோரும் நலம், என் சர்க்கரை மட்டும் சொன்ன பேச்சு கேட்கவில்லை. தங்கச்சிக்கு முழங்கால் எப்படி இருக்கிறது? பேரன் காதுகுத்துக்கு வராததற்கான திட்டை நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன். இப்போது வீட்டில் பெரிய பஞ்சாயத்து, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நம் பையன் கார்த்தி புனே வேலையை விட்டுவிட்டு நம் பட்டறையிலேயே உட்கார்ந்துவிட்டான். லாரிக்கு புஷ்ஷும் கேஸ்கெட்டும் போட்டுக்கொண்டிருந்த இடத்தில் இப்போது ராணுவ ட்ரோன் பேச்சுதான். 

அவன் செய்வது ட்ரோன் எஞ்சினின் எரிபொருள் குழாயில் கசிவை அடைக்கப் போடும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம், சுண்டுவிரல் மோதிரம் அளவுதான். நன்றாக வந்திருக்கிறது, பொய் சொல்லக்கூடாது. கால் பங்கு அமுக்கி 200 டிகிரி ஓவனில் வைத்து எடுத்தாலும் பெருமளவு பழைய கனத்துக்குத் திரும்பிவிடுகிறது. 1986-ல் சேலஞ்சர் விண்கலம் சிதறியதே, குளிரில் விறைத்த ரப்பர் வளையம் சட்டென்று விரிந்து இடைவெளியை அடைக்காததால்தான். அதனால் சோதனை கடுமையாக இருக்கிறதே என்று நான் புலம்பவில்லை.

என் புலம்பல் பணத்தைப் பற்றி. பாதுகாப்புத் துறையில் புதுக் கண்டுபிடிப்புக்கு அரசு பணம் தரும் ஐடெக்ஸ் திட்டம் உனக்குத் தெரியும், 2018-ல் திருவிடந்தை கண்காட்சியில் தொடங்கியது. அதன் அடிப்படைப் பிரிவில் புது நிறுவனங்களுக்கு ஒன்றரைக் கோடி வரை மானியம், கட்டம் கட்டமாக. அவர்களும் தங்கள் பங்கைப் போட வேண்டும். அது எஞ்சின் செய்கிறவர்களுக்கு. அவர்களுக்கு ரிங் செய்து கொடுக்கும் நமக்கு? "சாம்பிள் அனுப்புங்க சார்" என்பதோடு சரி. ரிங்கை வடிக்கும் அச்சுக்கான செலவு நம்முடையது. இதற்கு வேண்டிய, சூடு தாங்கும் ஃப்ளோரோகார்பன் ரப்பரைக் கைப்பிடி அளவில் யாரும் விற்பதில்லை, மூட்டையாக வாங்க வேண்டும். விமானத்துறைத் தரச்சான்று வாங்கும் செலவு தனி.

ஒரு தொழில்நுட்பம் எவ்வளவு தயார் என்று காட்டும் நாசாவின் ஒன்பது படி அட்டவணையைக் கார்த்தி சுவரில் ஒட்டி வைத்திருக்கிறான். யோசனை முதல் படி, களத்தில் ஓடுவது ஒன்பதாவது. ஆறு, ஏழு வரை மானியம் கைகொடுக்கிறது. அதற்குமேல் கொள்முதல், அது வேறு அலுவலகம், வேறு பட்ஜெட், வேறு கையெழுத்து. பெரிய கம்பெனி பத்துப் பொருளில் பணம் போட்டு, ஒன்பதில் விட்டதை ஒன்றில் எடுத்துவிடும். நம்மிடம் இருப்பதே ஒரு பொருள். ஆர்டர் வரும்வரை வட்டி யார் கட்டுவது? வங்கிக்காரர் வீட்டுப் பத்திரம் கேட்கிறார்.

மதுரைக்காரன் என்று சலுகை எதிர்பார்க்கவும் வழியில்லை. ராணுவத் தளவாடத் தொழில்களை வளர்க்க அரசு அறிவித்த பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி எல்லாம் உண்டு, நாம் இல்லை. 2019-ல் அதை உங்கள் திருச்சியில் தொடங்கிவைத்த அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் நிர்மலா சீதாராமன் பிறந்தது மதுரையில் என்பது கூடுதல் வயிற்றெரிச்சல்.

பையனுக்குக் கை வந்துவிட்டது, சேது. எனக்கு அந்த வயதில் இல்லாத பொறுமை இருக்கிறது. வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. எஞ்சின் கம்பெனி அச்சுச் செலவை முன்பணமாகத் தந்தால் இறங்கலாம், இல்லாவிட்டால் லாரி புஷ்ஷே போதும் என்பது என் கணக்கு. நீ துப்பாக்கித் தொழிற்சாலையில் இந்தக் கொள்முதல் கூத்தையெல்லாம் பார்த்தவன். 2021-ல் அரசின் 41 ராணுவத் தளவாடத் தொழிற்சாலைகளை 7 கம்பெனியாக்கிய பிறகு சின்ன சப்ளையருக்குப் பணம் சீக்கிரம் வருகிறதா, அதையும் விசாரித்துச் சொல்.

கார்த்தி ஞாயிற்றுக்கிழமை ஒப்பந்த நகலோடு உன் வீட்டுக்கு வருகிறான். பத்திரத்தில் கை வைக்காதே என்று நீயாகச் சொல்வது மாதிரி சொல். நான் சொல்லச் சொன்னேன் என்று தெரிந்தால் அவன் அம்மாவும் சேர்ந்துகொள்வாள்.

உன்,
பாண்டி