கோரிக்கை ஃபார்ம் வடிவமைக்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அலுவலகத்தில் லேப்டாப், மென்பொருள் அனுமதி போன்றவற்றைக் கேட்க உதவும் சர்வீஸ் மேனேஜ்மென்ட் மென்பொருளில் புதுப் புது கோரிக்கை ஃபார்ம்களைக் கட்டித் தரும் அட்மின்களுக்கும், அவர்களுக்கு 'இன்னும் ஒரு ஃபீல்டு சேருங்கள்' என்று மெயில் போடும், அந்தந்த வேலைமுறைக்குப் பொறுப்பான பிராசஸ் ஓனர்களுக்கும் வணக்கம்.

நீங்கள் கட்டும் ஃபார்ம் போர்ட்டலில் எப்படித் தெரிகிறது என்று பார்க்கிறீர்கள், டெஸ்ட் செய்கிறீர்கள், சரி. அதை ஒருவர் நிரப்பி அனுப்பியதும், கோரிக்கைகளைக் கையாளும் எங்கள் சர்வீஸ் டெஸ்க் வரிசையில் எந்தக் கோலத்தில் வந்து விழுகிறது என்று உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? ஒரு மென்பொருள் அனுமதிக் கோரிக்கையைத் திறந்தால் திரை கொள்ளாத அளவுக்கு ஃபீல்டுகள். பெயர், பணியாளர் எண், மின்னஞ்சல், துறை, மேலாளர் பெயர் எல்லாம் இருக்கும். 'காரணம்' என்ற இடத்தில் ஒற்றைப் புள்ளி. குறைந்தது ஐம்பது எழுத்து வேண்டும் என்று நீங்கள் கட்டுப்பாடு வைத்திருந்தால், 'வேலைக்குத் தேவை வேலைக்குத் தேவை' என்று அதே இரண்டு சொல் திரும்பத் திரும்ப. எனக்கு உண்மையில் வேண்டியது எந்த மென்பொருள், எந்த அளவு உரிமை (பார்க்க மட்டுமா, மாற்றவுமா), எத்தனை நாளுக்கு, இவ்வளவுதான். அதில் உரிமை அளவைக் கேட்கும் ஃபீல்டே ஃபார்மில் இருக்காது. அப்புறம் நான் அந்த டிக்கெட்டை (பதிவான கோரிக்கையை) 'பயனர் பதிலுக்காக' என்று நிறுத்திவைத்துவிட்டு மெயில் போட்டுக் கேட்க வேண்டியதுதான்.

பெயரையும் துறையையும் ஏன் கேட்கிறீர்கள்? அவர் லாகின் செய்துதானே உள்ளே வந்தார். நிறுவனத்தின் பணியாளர் டைரக்டரியில் எல்லாம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளும் இணையத்தைப் பயன்படுத்த வழிசெய்யும் அணுகல்தன்மை விதித் தொகுப்பான டபிள்யூசிஏஜி 2.2, 2023 அக்டோபரில் வந்தது. ஒரே வேலைக்குள் ஏற்கெனவே கொடுத்த தகவலை மறுபடி தட்டச்சு செய்யச் சொல்லக் கூடாது, தானாக நிரப்பிக் காட்டு, இல்லை தேர்ந்தெடுக்கவாவது விடு என்பதை, சில விலக்குகளோடு, அடிப்படை நிலையான 'ஏ'யிலேயே வைத்திருக்கிறார்கள். லாகினில் தெரிந்த தகவலுக்கு அந்த விதி அப்படியே பொருந்தாது என்று நீங்கள் வாதாடலாம். வாதாடுங்கள், ஆனால் நிரப்புகிறவரின் எரிச்சல் ஒன்றுதான்.

ஒரே ஒரு ஆள் விவரத்தை மட்டும் கட்டாயம் கேளுங்கள்: கோரிக்கை யாருக்காக? லாகின் செய்தவர் பெயரை அதில் போட்டுவையுங்கள், மாற்றவும் விடுங்கள். இது இல்லாமல் நடக்கும் கூத்தைப் பாருங்கள். புதிதாகச் சேரும் ஒருவருக்கு லேப்டாப் வேண்டி அவருடைய மேலாளர் ஃபார்ம் நிரப்புகிறார். 'நிரப்பியவரின் மேலாளரிடம் அப்ரூவல் வாங்கு' என்று ஒர்க்ஃப்ளோவில் (கோரிக்கை அடுத்து யாரிடம் போக வேண்டும் என்ற வரிசையில்) எழுதியிருக்கிறது. ஆக அது துறைத் தலைவரின் பெட்டிக்குப் போகிறது. யாருக்கு லேப்டாப், எதற்கு என்று அவருக்கு ஒன்றும் தெரியாது, ஆகவே தொடுவதில்லை. புதியவர் சேரும் நாளில் வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பார், திட்டு மட்டும் சர்வீஸ் டெஸ்க்குக்கு வரும்.

அடுத்தது, 'தாக்கம்', 'அவசரம்' என்ற இரண்டு டிராப்டவுன்கள். இரண்டையும் சேர்த்து முன்னுரிமையைக் கணக்கிடுவது, ஐடி சேவைகளை நடத்துவதற்கான நடைமுறைத் தொகுப்பான ஐடிஐஎல்லின் வழக்கம், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அது சேவை பழுதாகும்போது நாங்கள் எடைபோட்டுப் பார்க்க வேண்டிய விஷயம். பழுது வேறு, கோரிக்கை வேறு என்று 2007-இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பிலேயே கோரிக்கையைத் தனிப் பிராசஸாகப் பிரித்துவிட்டார்கள், நீங்கள் இன்னும் ஒரே ஃபார்மை இரண்டுக்கும் ஓட்டுகிறீர்கள். மவுஸ் கேட்கிறவரிடம் தாக்கம் என்ன என்றால் 'அதிகம்' என்றுதான் போடுவார், யார்தான் 'குறைவு' என்று போடுவார்கள்? 'எந்தத் தேதிக்குள் வேண்டும், தாமதமானால் எந்த வேலை நிற்கும்' என்று கேட்டுப் பாருங்கள், பதில் உருப்படியாக வரும். டிராப்டவுனில் எங்கள் டீம் பெயர்களைப் போடுவதும் இதே ரகம்தான். 'நெட்வொர்க் ஆபரேஷன்ஸ் எல்2'வா 'இன்ஃப்ரா சப்போர்ட்'டா என்று அவருக்கு எப்படித் தெரியும்? எல்லோரும் 'மற்றவை'யைத்தான் அமுக்குகிறார்கள்.

'ரிப்போர்ட்டுக்குத் தேவை' என்பதுதான் நீங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். தெரியாத கேள்வியைக் கட்டாயமாக்கினால் ஜனங்கள் பட்டியலில் முதலில் இருப்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பிறகு ரிப்போர்ட்டில் அந்த முதல் விருப்பம்தான் உயர்ந்து நிற்கும், அதை வைத்துக் கூட்டமும் நடக்கும்.

கருவி கையில் இல்லாமல் இல்லை. பதிலைப் பொறுத்துக் கேள்விகளைக் காட்டவும் மறைக்கவும் சர்வீஸ்நவ் மென்பொருளில் யூஐ பாலிசி என்ற வசதி இருக்கிறது. அது பிரவுசரில் மட்டும்தான் ஓடும், வேறு வழியாக உள்ளே வரும் தரவைத் தடுக்காது, அதையும் நினைவில் வைத்துச் சோதியுங்கள். ஜிரா சர்வீஸ் மேனேஜ்மென்ட் என்ற இன்னொரு மென்பொருளில் ஒரு ஃபீல்டுக்கு நாங்கள் பார்க்க ஒரு பெயரும் கேட்பவர் பார்க்க வேறு பெயரும் கொடுக்கலாம். எங்களுக்கு மட்டும் வேண்டியதை மதிப்பைப் போட்டு மறைத்தும் வைக்கலாம். இவ்வளவு வசதி இருந்தும் உள்ளே புழங்கும் கலைச்சொல்லையே வெளியே காட்டுவது சோம்பேறித்தனம், வேறென்ன சொல்வது.

என் வேண்டுகோள் இதுதான். ஒரு ஃபார்மை எடுத்துக்கொள்ளுங்கள், அதிகம் வருவதையே எடுங்கள். கடந்த சில மாத டிக்கெட்டுகளை எக்செலில் இறக்கி ஒவ்வொரு நெடுவரிசையாகப் பாருங்கள். இந்தப் பதிலை வைத்து ஒர்க்ஃப்ளோ எங்காவது திரும்புகிறதா? அப்ரூவல் கொடுக்கிறவர் பார்க்கிறாரா? வேலையைச் செய்கிறவருக்கு வேண்டுமா? மூன்றுக்கும் இல்லை என்றால் அந்த ஃபீல்டை எடுத்துவிடுங்கள். அடியோடு அழிக்காமல் செயலிழக்க மட்டும் செய்யுங்கள், பழைய டிக்கெட்டுகளில் இருக்கும் பதில்கள் போய்விடக் கூடாது. யாராவது பாஸ்வேர்டு கேட்டு ஒரு ஃபீல்டு வைத்திருந்தால் அதற்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம், இன்றைக்கே தூக்குங்கள், ஏற்கெனவே அதில் வந்து சேர்ந்ததையும் சேர்த்துத்தான்.

அந்த எக்செலோடு உட்காரும்போது எங்களில் ஒருவரையும் கூப்பிடுங்கள். எந்த நெடுவரிசையில் புள்ளி மட்டும் இருக்கும் என்று பார்க்காமலே சொல்வோம்.

இப்படிக்கு,
உங்கள் ஃபார்ம்கள் வந்து சேரும் வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர்