சனிக்கிழமை வாசிப்பு நடந்துடுச்சு, நன்றி

எல்லாருக்கும் வணக்கம். இன்னும் கை நடுக்கம் போகல, ஆனா ஆறிப்போறதுக்குள்ள எழுதிடணும்னு உக்காந்துட்டேன். வெள்ளிக்கிழமை மத்தியானம், வாசிப்புக்கு மொத நாள், புடிச்சு வெச்ச இடம் கைவிட்டுப் போச்சு, அதை மறுபடி கிளற வேணாம். தன்னை மாய்ச்சுக்கப் பாத்த ஒரு பொண்ணைப் பத்தின நாடகத்தை வாசிச்சாச்சு, பசங்க ஒன்பது பேரும் வாசிச்சாங்க.

மொதல்ல திருவல்லிக்கேணி ஜெராக்ஸ் கடை அண்ணா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரிகர்சல் பாத்த மனநல கவுன்சிலர் மேடம், அந்தப் பொண்ணு தன்னை எப்படி மாய்ச்சுக்கப் பாத்தான்னு விவரமா சொல்லவே கூடாது, ஏற்கனவே அந்த நினைப்புல உக்காந்திருக்குற பிள்ளைக்கு அது வழி சொல்லிக் குடுத்த மாதிரி ஆயிடும்னாங்க, எழுதினவரும் அங்கயே உக்காந்து ரெண்டு சீனை மாத்திட்டாரு, சோ 58 பக்கம், 9 காப்பி, மறுபடி மொதல்ல இருந்து. நான் போறப்போ மணி ஒன்பதே முக்கால், ஷட்டர் பாதி இறங்கியாச்சு. அண்ணா ஒண்ணும் கேக்காம உள்ள விட்டுட்டு மெஷினைப் போட்டாரு. ஸ்பைரல் பண்ணிடுங்கண்ணான்னேன். "வேணாம்மா, திருப்புறப்போ மைக்ல கரகரன்னு கேக்கும், ஒரு பக்கம் மட்டும் அடிச்சு கிளிப் போட்டுத் தர்றேன், முடிச்ச தாளை அப்படியே தள்ளி வெச்சுக்கட்டும்"னாரு. எத்தனை ரிகர்சல் பண்ணிருப்பேன், எனக்கு இது தோணவே இல்ல.

அடுக்கிட்டு இருந்தவரு 41ஆம் பக்கத்துல நின்னுட்டாரு.

"இந்தப் புள்ள பொழச்சுக்குதா?"

பொழச்சுக்குறாண்ணான்னேன்.

"பாக்க வர்ற பசங்களுக்கு ஏதாச்சும் நம்பர் குடுக்குறீங்களா?"

கடைசில ஒருதடவை மைக்ல சொல்லுவோம்ணான்னேன். அத்தனை பேர் முன்னாடி எந்தப் பையன்மா எழுதிக்குவான்னு கேட்டுட்டு, மனசு கஷ்டத்துக்குப் பேசுற டெலி மானஸ் நம்பர் 14416, குழந்தைகள் ஹெல்ப்லைன் 1098 ரெண்டையும் பெருசா, ஏ4 தாளுக்குப் பன்னெண்டுன்னு அடிச்சு, வெட்டி, ரப்பர் பேண்ட் போட்டு குடுத்தாரு. சட்டைப் பாக்கெட்ல மடிக்காம போகுற சைஸ். அதுக்குக் காசு வாங்கல.

வாசல் டேபிள்ல வெச்ச கட்டு அப்படியே இருந்துச்சு. பாத்ரூம் வாஷ்பேசின் பக்கத்துல வெச்சதுல பாதிக்கு மேல காணோம். அதைப் பாத்துட்டு அங்கயே நின்னு அழுதேன். யாரு எடுத்தாங்கன்னு தெரியாது, தெரியவும் வேணாம். 14416 ராத்திரி எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம், காசு கிடையாது, அவ்ளோதான் அவங்களுக்குத் தெரிஞ்சா போதும்.

ஒரு ராத்திரில வேற இடம் புடிச்சுக் குடுத்தவங்க, கொயர்ல இருந்து மியூசிக் ஸ்டாண்ட் தூக்கிட்டு வந்த தம்பிங்க, பரீட்சை நேரத்துலயும் பிள்ளைங்கள அனுப்பி வெச்ச அம்மா அப்பாங்க, கூர்நோக்கு இல்லத்துல, அதாவது வழக்குல மாட்டின சிறுவர்களை வெக்கிற இடத்துல, வேலை பாத்த அனுபவத்தைப் பொறுமையா சொல்லிக் குடுத்த அக்கா, "விளக்கு அணைகிறது"ன்னு மேடைக்குறிப்பு மட்டும் வாசிச்சே கூட்டத்தை மூச்சு விடாம வெச்ச தோழர், எல்லாருக்கும் மனசு நிறைஞ்ச நன்றி.

அண்ணாவைக் கூப்பிட்டேன், சனிக்கிழமை கடை இருக்கேம்மா, அந்தப் புள்ள பேசுறதைக் கேக்கணும்னு ஆசைதான்னாரு. அண்ணா, அடுத்த வாசிப்பு ஞாயித்துக்கிழமைதான் வெப்பேன், மொத வரிசைல உங்களுக்கு ஒரு சேர்.