சிகாகோ கடையில் உதவிய பெரியவருக்கு

சிகாகோவில் ஒரு பழைய இசைத்தட்டுக் கடையில் என் பக்கத்தில் நின்று புளூஸ் என்ற கறுப்பின அமெரிக்க இசையின் தட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்த பெரியவரே, உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. இந்த நன்றி உங்களுக்குத்தான்.

என் கையில் இருந்த நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டைப் பார்த்து, நான் கேட்காமலே சொல்லிக்கொடுத்தீர்கள். எல்பி என்னும் பிற்கால வினைல் தட்டுக்கான ஊசி இதற்கு ஆகாது. பள்ளம் அகலமானது, தடித்த முனை வேண்டும். ஆல்கஹாலால் துடைக்கவே கூடாது; வினைல் தாங்கும், இந்த அரக்குத் தட்டு கரைந்துவிடும். ஊசியை மாற்றிக் கேட்டேன். இரைச்சலுக்கு அடியில் கிடந்த கிட்டார் அப்படியே எழுந்து வந்தது!

அப்புறம் பழைய புளூஸ் பாடகர் சார்லி பாட்டனைப் பற்றிப் பேசினீர்கள். பாரமவுண்ட் இசைத்தட்டு நிறுவனத்துக்காக 1929, 1930ல் அவர் பாடியவற்றின் தட்டுகளை உருவாக்கும் மூல உலோக அச்சுகள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. சேகரிப்பாளர்கள் காப்பாற்றிய தேய்ந்த தட்டுகளிலிருந்துதான் பிற்கால எல்பிகள் வந்தன. (அந்தக் கரகரப்பின் மேல் எனக்குப் பிரியம் வந்ததே இதைக் கேட்ட பிறகுதான்.)

உங்களுக்காக எடுத்து வைத்திருந்த பாட்டன் எல்பியையும் "நீங்க கேளுங்க" என்று என்னிடமே கொடுத்துவிட்டீர்கள். எந்தச் சேகரிப்பாளர் இப்படிச் செய்வார்? மனமார்ந்த நன்றி, ஐயா.