ஆயிரத்துத் தொண்ணூற்று நாலு பாகம்

அன்புள்ள ஊரவர்களுக்கு,

படகோட்டப் போட்டி முடிந்து திரும்பிய என்னை நேற்று விடியப்புறம் கொழும்பு பஸ் கரடிப்போக்குச் சந்தியில் இறக்கிவிட்டது. பையை இன்னும் அவிழ்க்கவில்லை. உள்ளங்கைத் தோல் இன்னும் உரிந்துகொண்டிருக்கிறது. இந்தக் கடிதத்தை இன்றைக்கே எழுதிவிட வேண்டும். நாலு நாள் ஆறப்போட்டால் அழகாக எழுதப் பார்ப்பேன், அப்போது பாதி பொய்யாகிவிடும்.

போட்டிக்கு முன்னால் அணிப் பட்டியலில் என் பெயர் இல்லாதிருந்த அந்தப் பதினொரு நாட்களைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. என்ன கடிதம் வந்தது, பட்டியலில் இருந்து என் பெயர் எப்படிப் போனது, எப்படித் திரும்பி வந்தது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். என்னைவிட அதிகமாகத் திட்டியதும் நீங்கள்தான். அதற்கும் சேர்த்து நன்றி.

வீட்டுக்கு வந்து "பதக்கத்தைக் காட்டுங்கோ அக்கா" என்று நிற்கும் சின்னப் பிள்ளைகளுக்காக முடிவையும் சொல்லிவிடுகிறேன். பதக்கம் இல்லை. முதல் சுற்றில் நாங்கள் கடைசி. ஆனால் படகோட்டத்தில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. முதல் சுற்றில் பின்தங்கியவர்களை உடனே வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள், இன்னொரு தடவை ஓட விடுவார்கள். அதற்கு ரெப்பசாஜ் என்று ஒரு பிரெஞ்சுப் பெயர். அந்தச் சுற்றில் இரண்டு படகுகளுக்குத்தான் இறுதிப் போட்டியில் இடம் இருந்தது. நாங்கள் மூன்றாவதாக வந்தோம். முன்னால் போன படகுக்கும் எங்களுக்கும் ஒரு படகு நீளம்கூட இல்லை. அழுதேன், சரி, அது முடிந்த கதை.

சீட்டில் தன் முறையை எனக்கு விட்டுத் தந்த சங்கத்து அக்காவுக்கும், அதைக் கேட்டு முகம் சுளிக்காத மற்ற அக்காமாருக்கும், ரொறன்ரோவிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் பெயர் போட வேண்டாம் என்று சொல்லிக் காசு அனுப்பிய பழைய மாணவர்களுக்கும், துடுப்புத் தாங்கியின் உடைந்த ஆணியை இரவு பத்து மணிக்குக் கடையைத் திறந்து கடைந்து தந்த லேத் பட்டறை அண்ணைக்கும், பொய்க்கால் மாட்டுகிற இடத்தில் புண் வந்தபோதெல்லாம் டியூட்டி முடிந்து வீட்டுக்கே வந்து மருந்து கட்டிய தாதி அக்காவுக்கும், எட்டு மீற்றர் நீளப் படகை நெல் மூட்டைக்கு மேலே கட்டிக் கொழும்பிலிருந்து கொண்டுவந்துவிட்டு வாடகை வாங்காமல் போன லொறிக்கார அண்ணைக்கும் நன்றி. ஒருவருக்கு ஒரு பக்கம் என்று எழுதினால் கொப்பி போதாது. கோபிக்க வேண்டாம்.

என்னோடு படகில் இருந்த அண்ணைக்குத் தனியாக ஒரு வரி. எங்களுடையது இரட்டைப் படகு. ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இருவர், ஆளுக்கு இரண்டு துடுப்பு. அவர் குருநாகல் பக்கம், முன்பு இராணுவத்தில் இருந்தவர். அவருக்குத் தமிழ் வராது, எனக்குச் சிங்களம் அரைகுறை. கொழும்புப் பக்கத்துத் தியவன்னா ஓயாவில் சனி ஞாயிறு பயிற்சி எடுத்த இத்தனை மாதங்களில், அவர் எந்த இடத்தில் காலை இழந்தார் என்று நான் கேட்கவில்லை. என்னுடையதை அவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டும் ஒரே வரைபடத்துக்குள் வந்திருக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். கேட்காமல் இருந்ததற்கு நன்றி அண்ணை.

இனி அப்புவிடம் வருகிறேன். உண்மையில் இந்த மடல் அவருக்குத்தான். அவர் இதை வாசிக்க மாட்டார், கண்ணாடி உடைந்து இரண்டு வருடமாகிறது. பேரன் வாசித்துக் காட்டட்டும்.

குளத்தில் மீன் பிடிக்கிறவர்களுக்கு அப்புவைத் தெரியும். என் படகு இரணைமடுவில் இறங்கிய முதல் நாளே அவருடைய வலையைக் கிழித்தேன். படகோட்டுகிறவர்கள் முதுகைக் காட்டிக்கொண்டுதான் போவோம். போகும் திசை தெரியாது, விட்டுவந்த கரைதான் தெரியும். பெரிய போட்டிகளில் ஓடுபாதை நேராகக் கட்டியிருக்கும், பயமில்லை. குளத்தில் யார் கட்டுவது? படகின் அடியில் இருக்கும் சின்னத் தகடு வலையில் கொளுவியது, ஒரு முழ அகலம்கூட இல்லாத படகு கவிழ்ந்தது, நான் தண்ணீருக்குள். அப்பு வள்ளத்தில் வந்து என்னைத் தூக்கினார். நல்ல பேச்சு விழப் போகிறது என்று நினைத்தேன். கிழிந்த கண்ணிகளைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "பிடரியில கண் வைச்சே பிள்ளை உன்னைப் பெத்தவை?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த நாள் அந்தப் பக்கம் வலை இல்லை. அவர் வேறு இடத்துக்கு மாறிவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வருடம் அப்படியேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவர் மெல்ல மெல்லக் கிட்ட வந்தார். நான் காலைக் கழற்றிக் குளக்கட்டில் வைத்துவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறார். ஒரு நாள் நாய் சப்பாத்தோடு சேர்த்து அதை இழுத்துக்கொண்டு போய்விட்டது. தம்பி துரத்திப் பிடித்தான். அதற்குப் பிறகு கால் யூரியா பைக்குள் போய் மருத மரக் கொப்பில் தொங்கத் தொடங்கியது. மழை வந்தாலும் நனையாது, குரங்கு வந்தாலும் அவிழ்க்காது, அப்புவின் முடிச்சு அப்படி. திரும்பி வந்தால் அவிழ்க்க எனக்கே ஐந்து நிமிடம் பிடிக்கும்.

ஒரு நாள் எவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்று கேட்டார். இரண்டாயிரம் மீற்றர் என்றேன்.

"கால் ஏலாதவைக்கு உதில அரைவாசி போதாதோ?"

"முந்தி அப்பிடித்தான் அப்பு. 2008இல பெய்ஜிங் பராலிம்பிக்கில முதல் முதல் எங்களைச் சேர்க்கேக்க ஆயிரம் மீற்றர்தான். 2017இலதான் இரண்டாயிரம் ஆக்கினவை."

"ஏன் கூட்டினவங்கள்?"

"மற்றவைக்கும் எங்களுக்கும் ஒரே தூரம் வேணும் எண்டுதான்."

கொஞ்ச நேரம் வெற்றிலை சப்பினார். "அப்ப சரி. பாகத்தில சொல்லு" என்றார். ஒரு பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம். போனில் கணக்குப் போட்டேன். ஆயிரத்துத் தொண்ணூற்று நாலு பாகம்.

மூன்று நாள் கழித்துப் போனால், துருசு என்கிற மதகுப் பக்கம் தொடங்கி அலைகரையைப் பார்த்து ஒரே நேராக வெற்றுப் போத்தல்கள் மிதக்கின்றன. பழைய வலைக் கயிறு, சோடாப் போத்தல், மண்ணெண்ணெய்க் கான், அடியில் கல் கட்டியிருக்கிறது. இரண்டு கையையும் விரித்து விரித்துக் கயிற்றை அளந்திருக்கிறார். ஆயிரத்துத் தொண்ணூற்று நாலு தடவை. போனில் தூரம் பார்த்தேன், 2030 மீற்றர் காட்டியது. முப்பது மீற்றர் கூட வந்துவிட்டது அப்பு என்றேன். "கூட இருந்தால் நல்லதுதானே" என்றார். வயலுக்குக் காணி அளக்கிற மனுசனிடம் கேட்டிருந்தால் சண்டையே வந்திருக்கும், அப்புவுக்கு முப்பது மீற்றர் ஒரு கை நீளம்.

முடியும் இடம் எப்படித் தெரியும் என்று இன்னொரு நாள் கேட்டார். கடைசி 250 மீற்றரில் மிதவைகள் சிவப்பாக மாறும், நாங்கள் பின்பக்கமாகப் போவதால் அவை பக்கத்தில் வந்து கடந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும், அதைக் கண்டதும் உயிரைக் கொடுத்து வலிப்போம் என்று சொன்னேன். அடுத்த கிழமை கடைசிப் போத்தல்களின் கழுத்தில் சிவப்புத் துணி. நல்ல குங்குமச் சிவப்பு, ஓரத்தில் பொன்னிறச் சரிகை. அந்தச் சேலையை ஆச்சி எங்கே தேடினாரோ, அப்பு என்ன பதில் சொன்னாரோ, எனக்குத் தெரியாது. ஆச்சி, அங்கே ஐரோப்பியக் கம்பெனி மிதவைகளைப் பார்த்தேன். உங்கள் சேலைதான் வடிவு.

இவ்வளவையும் முன்கதையாக வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்தது அந்தப் பதினொரு நாளில் மூன்றாவது நாள்.

கடிதம் வந்த பிறகு நான் குளத்துக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஆறுதல் சொன்னீர்கள். உங்கள் அன்பைக் குறை சொல்லவில்லை, ஆனால் ஒவ்வோர் ஆறுதலுக்கும் நான் முழுக்கதையையும் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் பின்னேரம் அப்பு சைக்கிளில் வந்தார். வேலியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, ஒரு விரால் மீனை அம்மாவிடம் கொடுத்தார். என்னைப் பார்த்து, "சோளகக் காத்து அடிச்சு மிதவை எல்லாம் வளைஞ்சு போச்சு. கரையில நிண்டு பார்த்தால் எனக்கு நேர் தெரியாது. நாளைக்கு நீ ஓடிப் பார்த்துச் சொன்னால்தான் திருத்தலாம்" என்றார். கடிதத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. தேத்தண்ணீர் குடித்தார், போய்விட்டார்.

அடுத்த நாள் விடிய நான் போனேன். வேறு யாருக்காகவும் போயிருக்க மாட்டேன். ஒரு வயதானவர் தன் வேலைக்கு உதவி கேட்கிறார், எப்படிப் போகாமல் இருப்பது? படகில் ஏறி முழுத்தூரமும் வலித்தேன். மிதவைகள் நூல் பிடித்ததுபோல நேராக இருந்தன. ஒன்றுகூட வளையவில்லை. கரைக்கு வந்து பார்த்தால் அப்பு வலைக்கு ஈயம் கோத்துக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. "எப்பிடி?" என்றார். "கொஞ்சம் வளைஞ்சுதான் இருக்கு அப்பு" என்றேன். "அப்ப நாளைக்கும் பார்" என்றார்.

மிச்சம் எட்டு நாளும் பார்த்தேன். பெயர் திரும்ப வந்தபோது என் கை தளராமல் இருந்தது அதனால்தான்.

அந்த முப்பது மீற்றரையும் சொல்ல வேண்டும். ரெப்பசாஜ் ஓட்டத்தில் சிவப்பு மிதவை கண்ணில் பட்டதும் எனக்கு வேறெதுவும் நினைவில்லை. முடிவுக் கோட்டில் ஹோர்ன் அடித்தது எனக்குக் கேட்கவே இல்லை. நான் வலித்துக்கொண்டே இருந்தேன். பின்னால் இருந்த அண்ணை "போதும், போதும்" என்று சிங்களத்தில் கத்துகிறார், நான் நிறுத்தவில்லை. என் உடம்பு அப்புவின் அளவைப் பழகிவிட்டது. படகை நிறுத்திய பிறகு அண்ணை ஏன் என்று கேட்டார். அரைகுறைச் சிங்களத்தில், எங்கள் குளம் கொஞ்சம் நீளம் என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் படகு கவிழப் பார்த்தது.

நேற்றுப் பின்னேரம் குளக்கட்டுக்குப் போனேன். அப்பு இல்லை. மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி மீன் வாங்க வரும் அண்ணை நின்றார். பேச்சு வாக்கில்தான் சொன்னார். அப்பு வேறு இடத்துக்கு மாறவே இல்லையாம். அதே இடத்தில்தான் பின்னேரம் வலை விடுகிறார். நான் விடிய ஐந்தரைக்கு வருவேன் என்பதால் மூன்றரைக்கே இழுத்துவிடுவாராம். குளத்து மீன் விடியக்கருக்கலில்தான் நன்றாக ஓடும். அந்த நேரம் அப்புவின் வலை கரையில் கிடந்திருக்கிறது. கிடைத்த கொஞ்ச மீனும் வியாபாரி வர முதல் மூன்று மணி நேரம் கிடந்து சோர்ந்துபோனதால் விலையும் குறைவு. "அரைவாசிதான் தங்கச்சி, ஒரு வருசமா அரைவாசிதான்" என்றார். உங்களுக்குத் தெரியாதா என்றும் கேட்டார். எனக்கு நிற்க முடியவில்லை, குளக்கட்டிலேயே இருந்துவிட்டேன்.

அப்பு, புது வலை வாங்கித் தந்தால் நீங்கள் வாங்க மாட்டீர்கள் என்று தெரியும். காசு தந்தால் ஏச்சுத்தான் விழும். அதனால் ஊருக்கு முன்னால் இப்படிச் சொல்லி வைக்கிறேன். இனி என் பயிற்சி ஏழரைக்கு. காற்று எழும்பினால் எழும்பட்டும், போட்டி நடக்கிற இடங்களிலும் காற்று அடிக்கத்தான் செய்கிறது. நீங்கள் வலையை விடிந்த பிறகு இழுங்கள். மூன்றரைக்கு உங்கள் லாம்பு வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கத் தம்பிக்குச் சொல்லியிருக்கிறேன். முப்பது மீற்றரில் கை வைக்க வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும்.

அலைகரைப் பக்கம் மூன்று போத்தல் கழன்று போயிருப்பதை நேற்றுக் கண்டேன். துணியும் இரண்டில் நிறம் போய்விட்டது. நாளைக்குக் கயிறு கொண்டு வருகிறேன். சேலை ஆச்சியிடம் கேட்க வேண்டாம், என்னிடம் ஒன்று இருக்கிறது.

உங்கள் பிள்ளை
வட்டக்கச்சி