கணையத்தில் நீர்க்கட்டி: தெரியாததைத் தெரியவில்லை என்றே எழுதுங்கள்

வயிற்று ஸ்கேன் அறிக்கைகளில் கையெழுத்திடும் கதிரியக்க மருத்துவர்களுக்கும், அந்த அறிக்கையைப் பார்த்து எங்களுக்குச் சிகிச்சை சொல்லும் மருத்துவர்களுக்கும்,

வணக்கம்.

என் அம்மாவுக்கு 52 வயது. கணையத்தின் வால் பகுதியில் நாலரை சென்டிமீட்டர் நீர்க்கட்டி. முதல் சி.டி. ஸ்கேன் அறிக்கையின் கடைசி வரியில் 'சூடோசிஸ்ட்' என்று ஒரே சொல். கணைய அழற்சி வந்துபோன பிறகு தேங்குகிற நீருக்குத்தான் அந்தப் பெயர் என்று நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அம்மாவுக்குக் கணைய அழற்சி வந்ததே இல்லை. பித்தப்பையில் கல் கிடையாது, குடிப்பழக்கம் கிடையாது, வயிற்றில் அடிபட்டதும் கிடையாது. 'இதற்கு முன்னால் தாங்க முடியாத வயிற்றுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறீர்களா அம்மா?' என்று ஒருவராவது கேட்டிருந்தால் அந்தச் சொல் அங்கே விழுந்திருக்காது.

அந்த ஒரு சொல் ஏழு மாதம் எங்களை அலைய வைத்தது. அடுத்தடுத்துப் பார்த்த மருத்துவர்கள் எல்லோரும் அறிக்கையை நம்பினார்கள். வயிற்றின் வழியாகக் குழாய் வைத்து நீரை வடித்துவிடலாம் என்று நாள்கூடக் குறித்தாயிற்று.

அந்த ஏழு மாதத்தில் ஒரு நாளை மட்டும் சொல்கிறேன். அம்மா சர்க்கரை நோயாளி. முதலில் எடுத்த ஸ்கேன் படங்களைப் பதிந்து கொடுத்த சிடி தகடு அந்த மருத்துவமனைக் கம்ப்யூட்டரில் திறக்கவில்லை, அதனால் புதிதாக எடுத்து வரச் சொன்னார்கள். 'வெறும் வயிற்றோடு வாங்க' என்றார்கள். சர்க்கரை மாத்திரையைப் போட வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை. விடியற்காலை நாலு மணிப் பேருந்துக்குக் கிளம்பும்போது வழக்கம்போல மாத்திரையை விழுங்கினார். ஒன்பது மணிக்கு டோக்கன். பதினொன்றுக்குக் கை நடுங்கத் தொடங்கியது. புடவை முழுக்க வேர்வை. நான் கொடுத்த மிட்டாயை வாங்கிக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, 'சாப்பிட்டா ஸ்கேன் எடுக்க மாட்டாங்கடி, இன்னொரு நாள் வரணும்' என்றார். அப்புறம் என் தோளில் சாய்ந்துவிட்டார். குளுகோஸ் ஏற்றினார்கள். அன்றைக்கு ஸ்கேன் எடுக்கவில்லை. மறு வாரம் அதே நாலு மணிப் பேருந்து.

குழாய் வைக்கச் சேர்ந்தபோதுதான் பயிற்சியில் இருந்த ஓர் இளம் மருத்துவர் கட்டிலருகே உட்கார்ந்து அம்மாவின் கதையை முதலிலிருந்து கேட்டார். கேட்டதும் எழுந்து போய்ப் பெரிய டாக்டரை அழைத்து வந்தார். எண்டோஸ்கோபி வழியாக உள்ளே அல்ட்ராசவுண்ட் பார்த்து, ஊசியால் நீரை எடுத்தார்கள். நீர் சளிபோல இழுபட்டதாம். சூடோசிஸ்டில் எகிறி இருக்க வேண்டிய அமைலேஸ் என்ற கணைய நொதி மிகக் குறைவு. அந்த நீரில் அளந்து பார்க்கும் சி.இ.ஏ. என்ற புரதம், ஒரு மில்லிலிட்டருக்கு 192 நானோகிராம் என்ற எல்லையைத் தாண்டி எங்கோ போயிருந்தது. அது புற்றுநோய் என்று அர்த்தமில்லை, சளி சுரக்கும் வகைக் கட்டி என்றுதான் அர்த்தம் என்று அந்த மருத்துவரே பொறுமையாக விளக்கினார். நடுத்தர வயதுப் பெண்களுக்குக் கணையத்தின் உடல், வால் பகுதிகளில் வருகிற இந்த வகை, விட்டுவைத்தால் புற்றாக மாறக்கூடியது. வடித்தால் நீர்தான் போகும், கட்டி உள்ளேயே இருக்கும். குணமாகிவிட்டது என்று நம்பி வீட்டுக்கு வந்திருப்போம்.

கணைய வாலோடு மண்ணீரலையும் எடுத்தார்கள். பயாப்சியில் புற்று இல்லை. அம்மா இப்போது நன்றாக இருக்கிறார். அதனால்தான் என்னால் இவ்வளவு நிதானமாக எழுத முடிகிறது.

ஒரு நாளைக்கு எத்தனை படம் உங்கள் முன்னால் வந்து விழுகிறது என்று எனக்குத் தெரியும். சில நீர்க்கட்டிகளைப் படத்தை மட்டும் பார்த்து இன்ன வகை என்று பிரிக்க முடியாது என்பதையும் இப்போது தெரிந்துகொண்டேன். அதனால்தான் கேட்கிறேன்: உறுதியாகத் தெரியாத பெயரை உறுதியாக எழுதாதீர்கள். கட்டியின் அளவு, இருக்கும் இடம், கணையத்தின் முக்கியக் குழாய் எத்தனை மில்லிமீட்டர் விரிந்திருக்கிறது, கட்டி அந்தக் குழாயோடு சேர்ந்திருக்கிறதா, சுவர் தடித்திருக்கிறதா, உள்ளே முடிச்சு இருக்கிறதா, இவற்றை எழுதுங்கள். இந்த ஸ்கேனில் வகை தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று எழுதி, கணையக் குழாயையும் பித்தக் குழாயையும் காட்டும் எம்.ஆர்.சி.பி. என்ற எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வேண்டுமா, எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்ட் வேண்டுமா என்று ஒரு வரி சேருங்கள்.

எதிர்ப்பக்கத்திலும் இதே கதைதான். எங்கள் தெருவில் ஒரு பெரியவருக்கு வேறெதற்கோ எடுத்த ஸ்கேனில் ஒரு சென்டிமீட்டர் நீர்க்கட்டி தெரிந்தது. அறிக்கையில் அதைப் பற்றி மேற்கொண்டு ஒரு விளக்கமும் இல்லை. கணையம் என்றாலே கேன்சர் என்று மூன்று மாதம் தூங்காமல் கிடந்தார், நிலத்தைக்கூட விலை பேசிவிட்டார். அவ்வப்போது ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டால் போதும் என்று கடைசியில் ஒரு மருத்துவர் சொன்னார். ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த காகிதத்தை எங்கள் ஊரில் மருந்துக்கடைப் பையனிடம் காட்டித்தான் அர்த்தம் கேட்கிறோம். எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்ட் என்ற சோதனை இருப்பதே பெரிய நகரத்துக்குப் போனால்தான் தெரிகிறது. எங்கள் உயிரின் விலை பேருந்து தூரத்தைப் பொறுத்ததா? மன்னியுங்கள், கோபம் வந்துவிடுகிறது.

நான் கேட்பது புது மெஷின் இல்லை. படம் எடுக்கும் முன் நோயாளியிடம் ஒரு கேள்வி: 'முன்பு கணைய அழற்சி வந்திருக்கிறதா?' பதில் இல்லை என்றால், சூடோசிஸ்ட் என்று எழுதப் போகும் பேனா ஒரு நிமிடம் நிற்கட்டும். சிகிச்சை சொல்லும் மருத்துவர்களே, அறிக்கையில் அந்தச் சொல் இருந்தாலும் நீங்களும் அதே கேள்வியை ஒருமுறை கேளுங்கள். சர்க்கரை நோயாளியை வெறும் வயிற்றோடு வரச் சொல்லும்போது மாத்திரையை என்ன செய்வது என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தயவுசெய்து செய்யுங்கள்.

இப்படிக்கு,
பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு மகள்